ரேணிகுண்டாவில் இறங்கி, மீனம்பாக்கத்தில் ஏறி

படித்தவர்களைப் பிடிக்கும் வியாதி ஒன்று உண்டு. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும் என்று நம்புவதுதான் அது. பெரும்பாலானவர்களுக்கு எட்டாம் வகுப்புப் பரீட்சையோடு தானாகவே குணமாகிவிடும். எனக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த பிறகு முற்றிப்போனது. அதைக் குணப்படுத்த ஒரு விமான நிலையம் போதவில்லை, இரண்டு தேவைப்பட்டன.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வால்வு தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் பயிற்சி இன்ஜினியர். பயிற்சிக் காலம் முடியப்போகிற மாதம் அது. வேலை நிரந்தரமா, அல்லது ஒரு நன்றிக் கடிதமும் ஒரு கைகுலுக்கலுமா என்று ஓனர் முடிவு செய்யவேண்டிய நேரம்.

வீடு கடம்பத்தூரில். தினமும் காலையில் ரயிலேறி, கிழக்கே பேசின் பிரிட்ஜ் வரை போய், அங்கே வண்டி மாறி, வடக்கே கும்மிடிப்பூண்டிக்கு வருவேன். ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைத் தினமும் அளந்துகொண்டு, மூன்றாவது பக்கத்தை நினைத்து ஏங்குவேன். (இந்த ஏக்கம்தான் பின்னால் எல்லாவற்றையும் கெடுத்தது.)

அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனிக்கு முதல் ஏற்றுமதி ஆர்டர் வந்தது. சின்ன ஆர்டர்தான், பத்துப் பதினைந்து மரப்பெட்டிகளில் அடங்கிவிடும். ஆனால் ஓனர் அதைப் பிள்ளைப்பேறு போலக் கொண்டாடினார். ஒரே நிபந்தனை: வாங்குகிறவர்கள் சார்பில் ஹைதராபாத்திலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்து, வால்வுகளில் தண்ணீரை அழுத்தி ஏற்றிச் சோதித்து, ஒவ்வொன்றிலும் தன் முத்திரையை அடித்துத் தரவேண்டும். அவருக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு நாள். அன்று இரவு எட்டு மணிக்குள் பெட்டிகள் மாதவரம் பக்கம் இருந்த சரக்குக் கிடங்குக்குப் போய்ச் சேராவிட்டால் கப்பல் போய்விடும். கப்பல் போனால் ஆர்டர் போய்விடும். ஆர்டர் போனால் நானும் கூடவே போய்விடுவேன் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

வெளியூரிலிருந்து வருகிறவர்களை மீனம்பாக்கத்தில் இறக்கிக் கூட்டிவருவதுதான் வழக்கம். அதில் எனக்கு உடன்பாடில்லை. காலை நேரத்தில் மீனம்பாக்கத்திலிருந்து சென்னையை முழுக்கக் கடந்து, செங்குன்றத்தில் லாரிகளுக்கு நடுவே உட்கார்ந்து, புதுவாயல் தாண்டி வருவதற்குள் பாதி நாள் ஓடிவிடும். நான் மேப்பை விரித்து, ஸ்கேலை வைத்தேன். திருப்பதி விமான நிலையம் இருக்கும் ரேணிகுண்டாவுக்கும் மீனம்பாக்கத்துக்கும் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட முழுதாக இல்லை. ரோடு வழியாகப் போனாலும் நூற்று நாற்பதைத் தாண்டாது. எங்கள் கம்பெனி இரண்டுக்கும் இடையில், கொஞ்சம் ஒதுங்கி, ஒரு முக்கோணத்தின் மூன்றாவது முனையாக உட்கார்ந்திருந்தது. காலையில் திருப்பதி விமானத்தில் வந்து ரேணிகுண்டாவில் இறங்கட்டும், காலியான ரோட்டில் இரண்டரை மணி நேரத்தில் கம்பெனிக்கு வரட்டும், சோதனையை முடித்துவிட்டு இரவு மீனம்பாக்கத்தில் ஏறிப் போகட்டும். வந்த வழியே திரும்பவேண்டிய அவசியமே இல்லை!

இதை வண்ண வண்ணமாக வரைந்து ஓனரிடம் நீட்டினேன்.

"நல்லா கீதும்மா. ஆனா…" என்று ஆரம்பித்தார்.

அந்த 'ஆனா'வை நான் பேசவிடவில்லை. டீசல் கணக்கைச் சொல்லி அமுக்கிவிட்டேன்.

டெஸ்பாட்ச் பார்த்துக்கொண்ட ஜரீனா மட்டும் என் படத்தை எட்டிப்பார்த்துவிட்டு, "திருப்பதியிலயா எறங்கறாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டாள். ஜரீனாவுக்குப் பழவேற்காடு. அவள் வாப்பா நண்டும் இறாலும் மொத்த வியாபாரம் செய்பவர். என் வயதுதான், பி.காம். நாள் முழுக்க யாரிடமாவது போனில் சண்டையோ சிரிப்போ நடந்துகொண்டிருக்கும். சத்தம் அதிகம், திட்டம் குறைவு என்று அவளைப் பற்றி நான் ஒரு அபிப்பிராயம் வைத்திருந்தேன். (அந்த அபிப்பிராயத்துக்கு இன்னும் ஒரு நாள்தான் ஆயுள் இருந்தது.)

அன்று விடியற்காலையில் கம்பெனி கார் என்னைக் கூட்டிப்போகக் கடம்பத்தூருக்கு வந்தது. அம்மா என் கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சை வைத்தாள்.

"இன்னாம்மா இது?"

"உண்டியல்ல போட்டுடு."

"நான் ஏர்போர்ட்டுக்குப் போறேம்மா, கோயிலுக்கு இல்ல."

"திருப்பதி வரைக்கும் போய்க்கினு சாமி பாக்காம வருவாங்களா யாராச்சும்? பைத்தியமா நீ?"

எச்சரிக்கை மணி என்றால் இப்படித்தான் அடிக்கும். நான் அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன்.

விமானம் சரியான நேரத்துக்கு வந்தது. எனக்கு அப்படி ஒரு பெருமை, ஏதோ நானே ஓட்டிவந்த மாதிரி. இன்ஸ்பெக்டர் சுப்பாராவ் ஐம்பது தாண்டியவர். ஒல்லியான உருவம், கம்பியில் கட்டியது போன்ற மீசை. கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். வெளியே வந்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்க்கவில்லை. தூரத்தில் தெரிந்த ஏழுமலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வணக்கம் சார். நேரா கம்பெனிக்குப் போயிடலாம்" என்றேன்.

அவர் தெலுங்கு வாசனையடிக்கும் தமிழில், "ஏம்மா," என்றார், "ஏடுகொண்டலவாடு அக்கட உக்காந்துகினு என்னையே பாக்கறாரு. நான் இந்தப் பக்கம் மொகத்த திருப்பிகினு வால்வு பாக்க போவணுமா?"

"சார், எட்டு மணிக்குள்ள சரக்கு…"

"ரெண்டு மணி நேரம் போதும்மா. தரிசனம் பண்ணிட்டு ஓடி வந்துடலாம்."

உதவிக்கு டிரைவர் முனிரத்தினம் அண்ணனைப் பார்த்தேன். ஆந்திரா பார்டரில் ஆரம்பாக்கத்துக்காரர், நல்ல மனிதர். அவர் ஏற்கெனவே காரைத் திருப்பதி பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தார்.

"மேடம், எனக்கும் ஒரு மொட்ட பாக்கி கீது. பொண்ணு பொறந்தப்ப வேண்டிகினது. அது இப்ப மூணாங்கிளாஸ் படிக்குது."

"அண்ணே, நாம கம்பெனி வேலையா வந்திருக்கோம்!"

"கம்பெனி டீசல்ல வந்தா மொட்டைய வாங்கிக்கமாட்டேன்னு பெருமாளு சொன்னாரா மேடம்?"

நான் ஜரீனாவுக்குப் போன் போட்டேன்.

"ஜரீனா, இன்ஸ்பெக்டர் மலைக்குப் போறேங்கறாரு."

அந்தப் பக்கம் ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும்படி ஒரு சிரிப்பு. "பின்ன இன்னாடி? திருப்பதில எறக்கிவுட்டா ஊட்டிக்கா போவாரு?"

"தெரிஞ்சிருந்தா ஏன்டி அன்னிக்கே சொல்லல?"

"நீ அதுக்கும் சேத்துதான் டைம் வெச்சிருக்கன்னு நெனச்சேன். கலர் கலரா வரைஞ்சியே!"

"ரெண்டு மணி நேரத்துல வந்துடலாம்னு சொல்றாரு."

"எங்க தெருவுல இருந்து வருசா வருசம் வேன் போவுது. ரெண்டு மணில கீழ எறங்கின ஆளு ஒருத்தரயும் நான் பாத்ததில்ல. மொட்டையா?"

"டிரைவருக்கு. இன்ஸ்பெக்டரு போடுவாரான்னு தெரியல."

"அவரும் போடுவாரு. வேணும்னா பாரு. சரி, நீ நல்லா சாமி கும்புடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

'மத்தது' என்று நான் எதையாவது விட்டுவைத்திருந்தால்தானே இவள் பார்ப்பதற்கு என்று எரிச்சலாக வந்தது. போனை மலைமேல் கவுன்ட்டரில் ஒப்படைத்தேன். அதோடு உலகத்துக்கும் எனக்கும் தொடர்பு அறுந்தது.

ஜரீனா சொன்னபடியே சுப்பாராவும் மொட்டை போட்டுக்கொண்டார். முனிரத்தினம் அண்ணனுக்குத் துணையாகப் போனவர், அங்கே உட்கார்ந்ததும் மனசு கேட்கவில்லையாம். மீசையும் போய்விட்டது. சந்தனம் பூசிய இரண்டு தலைகளோடு வந்து நின்றார்கள். எது டிரைவர், எது இன்ஸ்பெக்டர் என்று சட்டைக் கலரை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

வரிசை நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது, வெகுநேரம் நின்றது. என் கையில் வால்வு வரைபடங்களைச் சுருட்டி வைத்திருந்தேன். பின்னால் நின்ற அம்மாள் அதை வாஞ்சையோடு பார்த்து, "ஜாதகமா கண்ணு? கவலப்படாத, சீக்கிரம் அமையும்" என்று ஆசீர்வதித்தார்.

அப்போதுதான் சுப்பாராவ் கையை நீட்டினார். "அத குடும்மா. சும்மாத்தானே நிக்கறோம்."

அங்கே, அந்தக் கம்பி வரிசைக்குள், கூட்டம் 'கோவிந்தா' போட, அவர் எங்கள் காகிதங்களைச் சோதிக்க ஆரம்பித்தார். "கோவிந்தா… இந்த வார்ப்புக்கு மெட்டீரியல் சர்டிபிகேட் எங்க?… கோவிந்தா… இந்த அளவுல ரெண்டு டிராயிங்கும் ஒத்துப்போவலையே?… கோவிந்தா, கோவிந்தா!" பக்தியிலும் குறைவில்லை, பரிசோதனையிலும் குறைவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் இப்படிச் செய்யும் மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மனிதர் மேல் கோபமாக இருக்கவேண்டியவள், மெல்ல மெல்ல அவருக்கு ரசிகையாகிக்கொண்டிருந்தேன்.

சந்நிதியில் சொல்வதற்கு நானும் வேண்டுதல்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். முதலில் கப்பல். இரண்டாவது வேலை நிரந்தரம். மூன்றாவது பொதுவான நலன்கள். கப்பலைச் சொல்லி முடிப்பதற்குள் 'ஜருகண்டி' என்று தள்ளிவிட்டார்கள். இரண்டாவது அப்படியே நெஞ்சுக்குள் நின்றுவிட்டது. மஞ்சள் முடிச்சை மட்டும் மறக்காமல் உண்டியலில் போட்டேன். விமானம் இறங்கிய பிறகு அன்று திட்டப்படி நடந்த ஒரே காரியம் அதுதான், அதுவும் என் அம்மா போட்ட திட்டம்.

கீழே இறங்கும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. போனைத் திறந்தால் ஜரீனாவிடமிருந்து ஒரு செய்தி: 'ஃபேக்டரிக்கு வராதே. ஊத்துக்கோட்டை வா.'

கூப்பிட்டேன். "ஊத்துக்கோட்டைல இன்னாடி இருக்கு?"

"நம்ம ஃபேக்டரி இருக்கு. வா."

திருப்பதியிலிருந்து புத்தூர், நாகலாபுரம் வழியாக வந்தால் ஊத்துக்கோட்டையில் ரோடுகள் பிரியும். ஒன்று சத்தியவேடு வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு. ஒன்று பெரியபாளையம் வழியாகச் செங்குன்றத்துக்கு. இன்னொன்று திருவள்ளூர் வழியாக மீனம்பாக்கம் பக்கம். இது என் மேப்பிலும் இருந்ததுதான். நான் அதை ரோடாகப் பார்த்தேன், ஜரீனா அதைச் சந்தையாகப் பார்த்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊருக்கு வெளியே ஒரு லாரிப் பட்டறை. அதன் சிமென்ட் தரையில் எங்கள் மரப்பெட்டிகள் அத்தனையும் மூடி திறந்து வரிசையாக இருந்தன. தண்ணீர் டிரம், கையால் அடிக்கும் பிரஷர் பம்ப், கேஜ், ஸ்பேனர்கள், இரண்டு ஃபிட்டர்கள், சோதனை முடிந்ததும் பெட்டிகளை அறைந்து மூட ஆணியும் சுத்தியலும். பக்கத்திலேயே செங்குன்றம் ரோட்டைப் பார்த்தபடி லாரி. நடுவில், துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் டீ கிளாஸோடு ஜரீனா.

"எப்டிடி?" என்றேன்.

"எங்க வாப்பா இதான பண்றாரு? நண்டு வாங்கறவன் பழவேற்காட்டுக்கு வரமாட்டான். அவன் போற ரோட்டுக்கு நாம கூடைய எடுத்துக்கினு போவணும். ரோட்டுலயே தெறந்து பாத்துட்டு ஏத்திக்கினு போயிடுவான். ஓனர்ட்ட கேட்டேன். மொதல்ல கத்தினாரு. 'அவரு இங்க வந்து, பாத்து, அப்புறம் லாரி கெளம்பினா எட்டு மணிக்கு எங்க சார் போவும்'னு கேட்டேன். சாவிய குடுத்துட்டாரு. பட்டறைக்காரரு வாப்பாவோட லாரிக்கு வேல பாக்கறவரு."

ஆனால் சுப்பாராவ் காரைவிட்டு இறங்கி, பட்டறையைப் பார்த்து, முகத்தைச் சுருக்கினார். மீசை இல்லாததால் அந்தச் சுருக்கம் முழுதாகத் தெரிந்தது.

"லேதும்மா. இன்ஸ்பெக்ஷன் ஃபேக்டரில நடக்கணும். ரோட்டுல எல்லாம் நான் கையெழுத்து போட்டதில்ல."

கப்பல், ஆர்டர், வேலை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரியபாளையம் பக்கம் நடந்துபோவது தெரிந்தது.

ஜரீனா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "சார், வால்வு கீது. தண்ணி கீது. பம்ப் கீது. கேஜுக்கு சர்டிபிகேட் கீது. செவுரு மட்டும்தான் இல்ல. நீங்க செவுத்தயா டெஸ்ட் பண்ண வந்தீங்க?"

சுப்பாராவ் அவளைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். பிறகு அந்தக் கண்டிப்பான மனிதர் தலையைத் தடவிக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தார். "செவுரு இன்ஸ்பெக்ஷன் ரூல்ல இல்ல" என்று சட்டைக் கையை மடித்தார்.

சிரித்தாரே தவிர, ஒரு இம்மி விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் எடுத்துக்கொடுத்ததைத் தொடவே இல்லை. பெட்டிகளின் அடியில் கைவிட்டுத் தானே பொறுக்கி எடுத்தார். முனிரத்தினம் அண்ணன் பம்ப் அடித்தார். கேஜ் முள் ஏறியது. மூன்றாவது வால்வில், கைப்பிடித் தண்டைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் துளிர்த்தது. சுப்பாராவ் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சார், ரோட்டுல குலுங்கினதுல நட்டு தளர்ந்திருக்கும். ஒரு தடவ இறுக்கிட்டுப் பாக்கலாம். அதுக்கு அனுமதி இருக்கு" என்றேன்.

"இருக்கு. ஒரே ஒரு தடவ."

ஸ்பேனரை எடுத்தேன். இரண்டு பக்க நட்டுகளையும் மாற்றி மாற்றி, ஒரே சீராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அந்த நாளில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை. மறுபடி பம்ப். முள் ஏறியது. நின்றது. சொட்டு இல்லை.

இதற்குள் ரோட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவர்கள் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள்: சந்தனம் பூசிய இரண்டு மொட்டைகள் ஒரு தண்ணீர் டிரம்முக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கார் பானெட் மேல் லட்டுப் பொட்டலங்கள். பளபளவென்று வரிசையாக ஏதோ வெண்கல நிறத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. தலையில் புல்லுக்கட்டோடு போன ஒரு அம்மாள் கட்டை இறக்கிவைத்துவிட்டு, பம்ப் அருகே வந்து, பயபக்தியோடு உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

"சாமி, தீர்த்தம்."

முனிரத்தினம் அண்ணன் பம்பை விட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தார். ஃபிட்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்கள். சுப்பாராவ் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு லட்டை எடுத்துப் பாதியாக உடைத்து அந்தக் கையில் வைத்தார். "தீர்த்தம் எண்ணெய் வாசன வரும்மா. பிரசாதம் வாங்கிக்கோ." அந்த அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். சுப்பாராவ் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கேஜைப் பார்க்க ஆரம்பித்தார்.

பொழுது இருக்கும்போதே கடைசி முத்திரை விழுந்தது. ஆணி அடித்த கையோடு லாரி செங்குன்றம் ரோட்டில் திரும்பியது. ஜரீனா லாரிக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வழியெல்லாம் சரக்குக் கிடங்குக்காரர்களிடம் போனில் சண்டைபோட்டுக்கொண்டே போனாள். நான் சுப்பாராவோடு திருவள்ளூர் வழியாக மீனம்பாக்கம் போனேன். பூந்தமல்லி நெரிசலில் நிற்கும்போது போன் அடித்தது.

"உள்ள போயிடிச்சிடி! கேட்ட மூடறதுக்கு முன்னாடி!" பின்னால் ஹாரன் சத்தம். "காலைல இருந்து நாஷ்டாகூட துன்னல. எனக்கு ஒரு லட்டு எடுத்து வெய்யி, மொத்தத்தயும் ஓனருக்கே குடுத்துடாத."

அடுத்த வாரம் என் வேலை நிரந்தரமானது. பெருமாளிடம் சொல்லி முடிக்காத இரண்டாவது வேண்டுதல் எப்படி அவர் காதுக்குப் போனது என்று தெரியவில்லை. ஓனர் கடிதத்தைக் கொடுத்துக்கொண்டே, "அன்னிக்கு 'ஆனா'ன்னு ஆரம்பிச்சேனே, இதத்தாம்மா சொல்ல வந்தேன்" என்றார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார்: இனிமேல் கணக்கெல்லாம் நான், பயண ஏற்பாடெல்லாம் ஜரீனா. அந்த நிபந்தனையை நான் இன்றுவரை, கல்யாணத்துக்குப் பிறகும், எங்கள் குடும்பச் சுற்றுலாக்களில்கூட மீறியதில்லை. டிக்கெட் போடுவதற்கு முன் ஜரீனாவைக் கேட்டுவிடுவேன். அவள் இப்போது சொந்தமாகச் சரக்கு அனுப்பும் தொழில் நடத்துகிறாள். எனக்கு இதை இலவசமாகச் செய்கிறாள், திட்டுவதற்கு மட்டும் கட்டணம் உண்டு.

சுப்பாராவுக்கும் அந்த வழி பிடித்துவிட்டது. அடுத்த ஆர்டருக்கு அவரே போன் செய்து, "மீனம்பாக்கம் வேண்டாம்மா, அதே ரூட்டுல போடு" என்றார். அதற்குப் பிறகு கம்பெனியில் அவர் வரும் நாளுக்கு முந்தைய நாளையும் சேர்த்தே ஒதுக்கிவைத்தோம்.

போன மாதம் என் கணவரின் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். திருப்பதியில் இறங்கி, சென்னையில் வேறு விமானம் பிடிக்கவேண்டுமாம். "நீங்க இன்ஜினியராச்சே, ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல எவ்ளோ நேரம் ஆவும்?" என்று என்னிடம் கேட்டார். கணவர் சிரிப்பை அடக்கமுடியாமல் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். நான் ஜரீனாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேள்வியைத் திருப்பிக் கேட்டேன்.

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"முடியோடயா, முடி இல்லாமயா?"